எழுபத்தெட்டு பர்செண்டைலும் ஒரு பிளம்பர் மகனும்

டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரத்திலோ கேட் முடிவு வரும். கேட் என்பது ஐஐஎம்கள் எம்.பி.ஏ. சேர்க்கைக்கு நடத்தும் நுழைவுத் தேர்வு. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு இங்கே அகமதாபாத்தில் நம்மவர்கள் எங்கே கூடினாலும், பொங்கல் விழாவாகட்டும், கோயில் பிரசாத வரிசையாகட்டும், ஒரே கேள்விதான் காதில் விழும். "பையனுக்கு 78தான் வந்திருக்கு சார். இன்னொரு வருஷம் உக்கார வெச்சா ஏறுமா?" நான் பேங்க்காரன், கல்விக்கடன் ஃபைல் பார்ப்பவன் என்பதால் எனக்கு விடை தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நானோ பி.காம். முடித்து, பி.எஸ்.ஆர்.பி. எழுதி உள்ளே வந்தவன். வஸ்திராபூரில் இருக்கும் ஐஐஎம்மின் செங்கல் கட்டடங்களை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி :-)

ஆனால் இந்த "ஏறுமா?" என்ற கேள்வி புதிதல்ல. ஏறவே ஏறாது என்று சொன்னவர்கள் ஒரு பக்கம், ஏற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர்கள் இன்னொரு பக்கம் என்று அமெரிக்காவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது. அந்தச் சண்டையைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டுப் பிள்ளையின் 78-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தது. அந்தச் சோதனையில் பங்கெடுத்த உளவியலாளர்களில் ஒருவர் கார்ல் பிரிகம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரர். 1923-ல் ஒரு புத்தகம் எழுதினார். வட ஐரோப்பிய இனத்தவருக்கு மூளை அதிகம், மற்றவர்களுக்குக் குறைவு, இதோ ராணுவ மார்க்கே சாட்சி என்பதுதான் அதன் சாரம். இதே பிரிகம் 1926-ல் கல்லூரிச் சேர்க்கைக்காக எஸ்ஏடி என்ற தேர்வை உருவாக்கினார். முதல் தடவை சுமார் 8,000 மாணவர்கள் எழுதினார்கள். அந்தப் பெயரில் நடுவில் இருந்த 'ஏ', ஆப்டிட்யூட். அதாவது பிறவியிலேயே இருக்கும் திறன். படித்து வருவதல்ல. படித்து வராதது என்றால் டியூஷனாலும் வராதுதானே? தேர்வு நடத்தியவர்களின் வாதம் முழுக்க அந்த ஒரு எழுத்தில்தான் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், 1930-ல் பிரிகம் தன் பழைய ஆராய்ச்சிக்கு அடிப்படையே இல்லை என்று தானே எழுதி மறுத்துவிட்டார். ஆள் நேர்மையானவர்தான். ஆனால் அவர் பெற்ற பிள்ளை அதற்குள் தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டது. 1947-ல் ஈடிஎஸ் என்ற நிறுவனம் தொடங்கி, தேர்வு நடத்துவதே தனித் தொழிலானது.

எம்.பி.ஏ. தேர்வு வந்த கதை இதுதான். 1953-ல் ஹார்வர்ட், கொலம்பியா, சிகாகோ உள்ளிட்ட ஒன்பது பிசினஸ் பள்ளிகள் ஈடிஎஸ்ஸுடன் உட்கார்ந்து பேசின. எங்களுக்கும் ஒரு தேர்வு வேண்டும் என்றன. 1954-ல் முதல் தேர்வு நடந்தது. அந்த வருஷம் எழுதியவர்கள் 2,000 பேருக்குச் சற்று மேல். மார்க் அளவுகோல் எஸ்ஏடியின் அதே 200 முதல் 800. நீளமான பழைய பெயரை 1976-ல் மாற்றி ஜிமாட் என்று வைத்தார்கள். அளவுகோல் வந்ததுபோலவே, டியூஷனால் ஏறாது என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது.

இப்போது பிளம்பர் மகனுக்கு வருகிறேன்.

ஸ்டான்லி கேப்ளன் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1919-ல் பிறந்தவர். அப்பாவுக்குக் குழாய் வேலை. அரசுக் கல்லூரியில் நல்ல மார்க் வாங்கியும் எந்த மருத்துவக் கல்லூரியும் இடம் தரவில்லை. யூதர் என்பதும், பேர்போன கல்லூரியில் படிக்காததும்தான் காரணம் என்பது அவர் கட்சி. பொதுவாக ஒரு தேர்வு இருந்திருந்தால் ஹார்வர்ட் பையனுக்குச் சமமாக நின்றிருப்பேன் என்று நினைத்தவர். அதனால் தேர்வு என்ற அமைப்பின் மீது அவருக்குக் கோபமே கிடையாது. கடைசிவரை அதற்கு ஆதரவாளர். இதைக் கவனிக்க வேண்டும். கோச்சிங் என்ற தொழிலின் தகப்பன், தேர்வை வெறுத்தவர் அல்ல, நம்பியவர்.

1938-ல் அப்பா அம்மா வீட்டின் நிலவறையில் டியூஷன் ஆரம்பித்தார். 1946-ல் ஒரு பள்ளி மாணவி எஸ்ஏடிக்குச் சொல்லித்தரச் சொல்லி வந்தாள். கேப்ளன் பழைய கேள்விகளை எடுத்துப் பார்த்தார். இதில் பிறவித் திறன் எங்கே இருக்கிறது? வார்த்தைகளுக்குப் பொருள், அல்ஜீப்ரா, ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது. எல்லாம் சொல்லித்தரக் கூடியவைதானே என்று தோன்றியது. சொல்லித்தந்தார். அந்தப் பகுதிப் பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றார்கள்.

தேர்வு முடிந்த அன்று மாணவர்களுக்கு விருந்து வைப்பாராம். "அப்பாடா, முடிஞ்சுது" விருந்து. பிள்ளைகள் தின்றுகொண்டே என்னென்ன கேள்வி வந்தது என்று பேசிக்கொள்வார்கள். இவரும் உதவியாளர்களும் காதைத் தீட்டிக்கொண்டு குறிப்பெடுப்பார்கள். பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று "என்ன கேட்டான், என்ன கேட்டான்" என்று நம்மூர் டியூட்டோரியல்காரர் கேட்பாரே, அதே டெக்னிக்தான்.

தேர்வு வாரியம் சும்மா இருக்கவில்லை. டியூஷனால் பெரிய பயன் இல்லை, காசை வீணாக்காதீர்கள் என்று 1950களிலும் 60களிலும் சிறு வெளியீடுகள் போட்டது. கேப்ளன் கிட்டத்தட்ட ஏமாற்றுக்காரர் மாதிரி பார்க்கப்பட்டார். 1970களில் அவருடைய கிளைகள் நாடு முழுக்கப் பரவின. அப்போது மத்திய வர்த்தக ஆணையம் உள்ளே வந்தது. மார்க்கை ஏற்றுவோம் என்று விளம்பரம் செய்து பொய் சொல்கிறார்களா என்று பார்ப்பதுதான் நோக்கம். அதாவது கோச்சிங்காரரைப் பிடிக்க வந்தவர்கள்.

1979-ல் ஆணையத்தின் அறிக்கை வந்தது. இரண்டு கோச்சிங் நிறுவனங்களின் மாணவர்களை ஆராய்ந்திருந்தார்கள். ஒன்றில் பயன் தெரியவில்லை. மற்றொன்றில், அதாவது கேப்ளன் நிறுவனத்தில், வெர்பலில் சுமார் 25 புள்ளி, கணக்கில் சுமார் 25 புள்ளி ஏறியிருந்தது. யாருக்கு ஏறியது என்பதுதான் விஷயம். பள்ளியில் ஓரளவு நன்றாகப் படித்து, இந்த மாதிரித் தேர்வில் மட்டும் தன் தகுதிக்குக் கீழே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு.

என் பார்வையில் இந்த ஐம்பது வருஷச் சண்டையின் தீர்ப்பே அந்த ஒரு வரிதான். ஏறாது என்றவர்களும் தோற்றார்கள். ஆகாயத்துக்கு ஏற்றுகிறேன் என்று விளம்பரம் செய்பவர்களும் தோற்றார்கள். 200-லிருந்து 800 வரையுள்ள அளவுகோலில் 25 என்பது சின்ன உயரம்தான். ஆனால் கட்-ஆஃப் ஓரத்தில் நிற்பவனுக்கு அது வாழ்க்கை.

அதே 1979-ல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. தேர்வு நடத்துகிறவர்கள் கேள்வியையும் விடையையும் எழுதியவர்களுக்குக் காட்டியாக வேண்டும் என்று. 1980-லிருந்து நடைமுறை. அதுவரை விருந்து வைத்து ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது, பிறகு கடையில் கிடைக்க ஆரம்பித்தது. இன்று ஜிமாட் நடத்துபவர்களே 'அஃபிஷியல் கைடு' போட்டு விற்கிறார்கள். 1983-ல் தேர்வு வாரியத்தின் மாநாட்டில் பேச கேப்ளனையே கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் அவர் நிறுவனத்தை வாஷிங்டன் போஸ்ட் குழுமத்துக்கு விற்றார். 1990களில் எஸ்ஏடியின் பெயரிலிருந்து 'ஆப்டிட்யூட்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் தொடங்கின. கல்கத்தாவுக்கு எம்ஐடி கைகொடுத்தது, இங்கே ஹார்வர்ட். இரண்டுக்கும் ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவி. 1973-ல் பெங்களூர், 1984-ல் லக்னோ. தமிழ்நாட்டுக்கு வர 2011 ஆயிற்று, திருச்சியில். கூட்டம் அதிகம், இடம் கொஞ்சம் என்றால் வடிகட்டி தேவைப்படும். அந்த வடிகட்டிதான் கேட். வடிகட்டி வந்ததும் கோச்சிங்கும் வந்தது. 1977-ல் பம்பாயில் ஐஎம்எஸ், 1992-ல் ஹைதராபாத்தில் டைம், 1995-ல் டெல்லியில் கேரியர் லாஞ்சர்.

அமெரிக்கக் கதைக்கும் நம் கதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஜிமாட்டில் மார்க் பிடிக்கவில்லை என்றால் பதினாறு நாள் கழித்து மறுபடி எழுதலாம். கேட் வருஷத்துக்கு ஒரே தடவை. அதனால்தான் அங்கே "இன்னொரு தடவை" என்பது நமக்கு "இன்னொரு வருஷம்" ஆகிறது. குடும்பத்தில் ஒரு வருஷ வருமானம், கல்யாண வயதில் அக்கா, ரிட்டயர் ஆகப்போகும் அப்பா எல்லாம் அதில் கலந்துவிடுகிறது.

இன்னொன்று, கேட் ஒரு ஓடும் குறி. 2003-ல் இரண்டு மணி நேரத்தில் 150 கேள்வி. வேகம்தான் எல்லாம். கோச்சிங் வகுப்பில் குறுக்குவழிக் கணக்காகச் சொல்லித்தந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 23-ம் தேதி தேர்வு, கேள்வித்தாள் வெளியானதால் ரத்தாகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் 2004 பிப்ரவரி 15-ம் தேதி மறுபடி எழுதினார்கள். அப்போது பிள்ளைகளைப் பெற்றவர்கள் பட்ட பாடு இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2006-ல் கேள்வியைக் குறைத்து 75 ஆக்கினார்கள், நேரத்தை இரண்டரை மணியாக்கினார்கள். வேகம் பழகியவர்கள் திணறிப்போனார்கள். 2009-ல் கம்ப்யூட்டருக்கு மாறியது. பத்து நாள் தேர்வு, முதல் சில நாட்கள் மிஷின் மக்கர், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2010 ஜனவரி கடைசியில் மறுதேர்வு. கேள்வியை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வேறு. 2015-ல் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மணி என்று பூட்டு போட்டார்கள். ஒரு பகுதியில் மிச்சம் பிடித்த நேரத்தை இன்னொன்றில் செலவழிக்க முடியாது. விடையை நாமே டைப் செய்ய வேண்டிய கேள்விகளும் வந்தன. 2020-ல் கொரோனா காரணமாக மொத்தமே இரண்டு மணி நேரமாயிற்று. 2024-ல் 68 கேள்வி, பகுதிக்கு 40 நிமிடம்.

ஆக, அண்ணன் 2012-ல் எப்படிப் படித்தான் என்பது தம்பிக்கு உதவாது. பக்கத்து ஃபிளாட் பையனின் பழைய மெட்டீரியலை மூட்டை கட்டி வாங்கி வருபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது கணக்கு. இதுதான் என் ஏரியா, கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 2024 கேட்டை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். ஒரு பர்செண்டைல் என்றால் 2,930 பேர். 78 என்றால் உங்கள் பிள்ளைக்கு முன்னால் சுமார் 64,000 பேர். 99 என்றால் 2,930 பேர். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் பர்செண்டைல் என்பது மார்க் அல்ல, வரிசையில் நிற்கும் இடம். மொத்தம் 204 மார்க்கில் பாதி வாங்கினாலே 2024-ல் 99 பர்செண்டைல் கிடைத்துவிட்டது. வரிசையின் நடுப்பகுதியில் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. அங்கே ஒரே ஒரு சரியான விடை, அதாவது 3 மார்க், பல ஆயிரம் பேரைத் தாண்ட வைக்கும். 78-ல் இருப்பவன் 90-க்கு வர மூளை மாற்று அறுவை சிகிச்சை தேவையில்லை. ஐந்தாறு கேள்விகள் கூடுதலாகச் சரியாக வந்தால் போதும். 98-லிருந்து 99.5 போவதுதான் கஷ்டம்.

அந்த ஐந்தாறு கேள்வி எங்கிருந்து வரும்? புதிதாகப் படித்துத்தான் வர வேண்டும் என்றில்லை. தேர்வில் சரியான விடைக்கு 3, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்புக்கு மைனஸ் 1. ஒன்றுமே தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் நாலில் ஒன்று சரியாகும்: கூட்டல் 3, கழித்தல் 3, சராசரி பூஜ்யம். நஷ்டமில்லை. நஷ்டப்படுபவன் அரைகுறையாகத் தெரிந்தவன். ஏனென்றால் தப்பான விடைகளைச் சும்மா எழுதி வைப்பதில்லை. வழக்கமாகச் செய்யும் தவறு எங்கே கொண்டுபோய் விடுமோ அந்த எண்ணையே விடையாக வைப்பார்கள். அரைகுறைக்காரன் நேராக அங்கே போய் விழுவான். 40 கேள்வி போட்டு 22 சரி, 18 தப்பு என்றால் 48 மார்க். அந்த 18-ல் பத்தைத் தொடாமல் விட்டிருந்தால் 58. ஒரு பாடமும் கூடுதலாகப் படிக்காமல் பத்து மார்க். பேங்க் பாஷையில் சொன்னால், புதுக் கடன் கொடுத்து லாபம் பார்ப்பதற்கு முன் வாராக்கடனை நிறுத்து. தொடாமல் விட்டதில் மிச்சமாகும் நேரத்தில் இரண்டு கேள்வி சரியாகப் போட்டால் இன்னும் ஆறு.

தப்பான விடைகளைத் தாளில் எழுதி, தெரியாமல் தப்பா, அவசரத்தில் தப்பா, தெரிந்தமாதிரி இருந்து தப்பா என்று பிரித்துப் பாருங்கள். இப்போதெல்லாம் ஐஐஎம்களே பிள்ளை போட்ட விடையையும் சரியான விடையையும் வெளியிடுகிறார்கள். நியூயார்க்கில் சட்டம் போட்டு வாங்கியது நமக்கு லாகின் செய்தால் கிடைக்கிறது. ஆனால் முடிவு வந்த பிறகு அதைத் திறந்து பார்த்த வீடு நூற்றுக்கு எத்தனை இருக்கும்? நேராக கோச்சிங் சென்டரில் போய் ஃபீஸ் கட்டுகிறோம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒன்று. ட்ரான்ஸ்ஃபரில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தியோ குஜராத்தியோ, பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்றும் பேசும். பேசுவது வேறு, நானூறு ஐநூறு வார்த்தையில் ஒரு இங்கிலீஷ் கட்டுரையைப் படித்து ஆசிரியர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று சொல்வது வேறு. 2024-ல் 68-ல் 24 கேள்வி இந்த வெர்பல் பகுதி. ஐஐஎம்கள் பகுதிவாரியாகவும் குறைந்தபட்சம் கேட்கும். இன்ஜினியரிங் பிள்ளைகள் இதில் வழுக்குவார்கள். காமர்ஸ் பிள்ளைகள் கணக்கைக் கண்டு பயந்து, தங்களுக்குச் சாதகமான இந்தப் பகுதியையும் கவனிக்காமல் விடுவார்கள். கணக்கு ஆறு மாதத்தில் தேறும், பத்தாம் வகுப்புப் பாடம்தான் அதிகம். வாசிப்பு ஆறு மாதத்தில் வராது. தங்கமணி எங்கள் வீட்டில் பேப்பரை நிறுத்தக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஏன் இவ்வளவு அலசுகிறேன் என்றால், நான் பார்க்கும் ஃபைல்களில் இந்த நம்பர் வேறு உருவத்தில் வருகிறது. பெரிய ஐஐஎம்களில் இரண்டு வருஷப் படிப்புக்கு இருபது லட்சத்துக்கு மேல். கல்விக்கடனில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். ஆனால் பேங்குகள் பெயர்பெற்ற கல்லூரிகளுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் இருந்தால் ஈடு இல்லாமலே கிடைக்கும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமும் அப்படித்தான், தரவரிசையில் உள்ள கல்லூரி என்றால் ஈடும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். பட்டியலுக்கு வெளியே உள்ள கல்லூரியில் பதினைந்து லட்சம் கட்டிச் சேர்ந்தால் பத்திரம் எடுத்துவா என்பார்கள். நம்மவர்களுக்கு இங்கே வாடகை வீடு. பத்திரம் இருப்பது ஊரில், தாத்தா பேரில், நாலு சித்தப்பா பெரியப்பா பங்கோடு. வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, எல்லோர் கையெழுத்து. பத்து பர்செண்டைல் வித்தியாசத்தில் ஊர் வீடு அடமானத்துக்குப் போன ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இன்னொரு வருஷம் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க் நன்றாக இருந்து கேட்டில் மட்டும் சறுக்கியிருந்தால், 1979 அறிக்கை சொன்ன ஆள் உங்கள் பிள்ளைதான். ஏற வாய்ப்பு நிறைய. ஐஐஎம்கள் அந்தப் பழைய மார்க்குகளையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன என்பதால் அது கூடுதல் பலம். அவையும் சுமார், கேட்டும் சுமார் என்றால், ஒரு வருஷம் வீட்டில் உட்காருவதைவிட வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவது மேல். கேட்டுக்கு வயது வரம்பு கிடையாது, எத்தனை முறை என்ற கணக்கும் கிடையாது. வேலை அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு.

கோச்சிங் விளம்பரத்தில் "70-லிருந்து 95-க்கு" என்று போட்டோ போடுவார்களே, அதைப் பார்க்கும்போது பேஸ் எஃபெக்ட் ஞாபகம் இருக்கட்டும். முதல் தடவை காய்ச்சலோடு எழுதியவனும், பதற்றத்தில் ஒரு பகுதியைக் கோட்டை விட்டவனும் அடுத்த தடவை யாரும் சொல்லித்தராமலே ஏறுவார்கள். இரண்டாம் தடவை இறங்கியவன் போட்டோவை யாரும் போடமாட்டார்கள். ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கேள்வித்தாள் ஒன்றை இரண்டு மணி நேரம் கடிகாரம் வைத்து வீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு இன்னொன்று. நாலு வாரத்தில் மார்க் எங்கே நிற்கிறது, எங்கே ஆடுகிறது என்று தெரிந்துவிடும். பொதுவாக ஆகஸ்டில்தான் விண்ணப்பம் ஆரம்பிக்கும், அவகாசம் இருக்கிறது.

ஊர்ப் பத்திரத்தை ஈடாக வைப்பதில் உள்ள சிக்கல்களையும், வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கும் முறையையும் அடுத்த முறை எழுதுகிறேன். இந்த வாரம் ஆடிட் நடக்கிறது.